ஆற்றைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுமா? நெல்லைச் சீமைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர்களுக்கும், செயலர்களுக்கும், பல்கலைக்கழக நிர்வாகத்தினருக்கும், பேராசிரியப் பெருமக்களுக்கும்,

நம் பகுதியிலுள்ள கல்லூரி ஒன்று அண்மையில் தன் ஆசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. நாளிதழ், தொலைக்காட்சி, யூடியூப் சேனல் எதுவாயினும், முதல்வரின் எழுத்துமூலமான முன் அனுமதியின்றி எந்த ஆசிரியரும் பேட்டியோ கருத்தோ தகவலோ தரக்கூடாது. அனுமதி வேண்டுவோர் துறைத்தலைவர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கேட்கப்படும் கேள்விகளையும் சொல்லப்போகும் பதில்களையும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். மீறினால் ஒழுங்கு நடவடிக்கை. அந்தக் கல்லூரியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் இது ஒரே ஒரு கல்லூரியின் விவகாரமாகச் சுருங்கிவிடும். தாளில் இல்லாவிட்டாலும் வாய்மொழியாக இதே விதி நம் வட்டாரத்தின் பல வளாகங்களில் நெடுங்காலமாக நடப்பில் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதை எழுதிக் கையொப்பமிட்டதுதான் இந்தக் கல்லூரி செய்த புதுமை.

நான் திருநெல்வேலியில் ஒரு தமிழ் நாளிதழின் செய்தியாளராகப் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். சுற்றறிக்கையின் முதல் அடி என் கட்டுரை ஒன்றின்மீதுதான் விழுந்தது. மாநகரப் பகுதியில் தாமிரபரணியில் கழிவுநீர் கலப்பது பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். மாணவர்களோடு ஆற்றில் இறங்கி நீர் மாதிரிகள் எடுத்து ஆய்ந்துவரும் உதவிப் பேராசிரியர் ஒருவர், அதற்கு முன்பு பலமுறை எனக்குப் பொறுமையாக விளக்கம் தந்தவர். குளிப்பதற்கான நீரில் மலக்கழிவு சார்ந்த கோலிஃபார்ம் நுண்ணுயிர்கள் 100 மில்லிலிட்டருக்கு 500க்குள் இருப்பதே விரும்பத்தக்கது, 2500ஐத் தாண்டவே கூடாது என்ற மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோலையே நான் அவரிடம்தான் கற்றேன். இந்த முறை அவர் சொன்னது ஒரே வரி: “மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி, இனிமே எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க.” கட்டுரை வெளிவந்தது. ஆற்று நீர் தரமாகவே உள்ளது என்று ஓர் அதிகாரி சொன்னது அதில் இருந்தது. துறையில் இறங்க முடியவில்லை, நாற்றம் தாங்கவில்லை என்று குறுக்குத்துறையில் குளிக்க வந்தவர்கள் சொன்னதும் இருந்தது. இரண்டில் எது சரி என்று காட்டக்கூடிய எண்கள் ஓர் ஆய்வகத்துக் கணினியிலேயே தங்கிவிட்டன.

சுற்றறிக்கையின் நோக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. மாணவர் சேர்க்கை, கட்டணம், நிர்வாகப் பிணக்கு ஆகியவற்றைப் பற்றி ஆளுக்கொன்று வெளியில் பேசினால் நிறுவனத்துக்குச் சங்கடம்தான்; நிறுவனத்தின் சார்பில் பேச ஒருவரை மட்டும் அமர்த்திக்கொள்ளும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் உண்டு. ஆனால் நிறுவனத்தின் சார்பில் பேசுவது ஒன்று, தான் கற்ற துறையைப் பற்றிப் பேசுவது வேறொன்று. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள்கூட இந்த வேறுபாட்டை அறிந்தவை. ஊடகங்களில் எழுதவும் பேசவும் ஊழியர்களுக்குக் கட்டுப்பாடு விதித்த அதே 8ஆம் விதி, முற்றிலும் இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்தவற்றுக்கு முன் அனுமதி தேவையில்லை என்று விலக்கும் அளித்திருந்தது. அந்த விதி தங்கள் ஆசிரியர்களுக்குப் பொருந்தாது என்பது தெரிந்தே சொல்கிறேன்: டெல்லியில் கோப்பு பார்ப்பவருக்குக் கிடைத்த அந்தச் சலுகை, பாளையங்கோட்டையில் விலங்கியல் நடத்துபவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது? அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது அரசியலமைப்பின் 51ஏ பிரிவு. கடமையைச் செய்யத் துறைத்தலைவர் வழியாக விண்ணப்பம் போடச் சொல்லும் ஊர் நம் ஊராகத்தான் இருக்கும்.

இந்த மௌனத்துக்கு நாம் கொடுத்த விலையை நினைவூட்ட 2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாள்களே போதும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது, அப்பகுதியில் சராசரியாக ஓராண்டு முழுவதும் பெய்வதைவிட அது அதிகம். சென்னை செல்லவிருந்த திருச்செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கே சிக்கினார்கள். அந்த இரவில் என் தொலைபேசிக்கு வந்த கேள்விகள் எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான்: தண்ணீர் எங்கள் தெருவுக்கு வருமா, வந்தால் எத்தனை மணிக்கு? என் கையில் இருந்ததோ நீர்வளத் துறையின் கன அடிக் கணக்கு. பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, இன்றைய நீர்மட்டம் இவ்வளவு, வெளியேற்றம் விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று ஆண்டு முழுவதும் நாங்கள் அச்சிடுகிறோம். ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர் என்று பெருக்கிப் பார்க்க எங்களுக்கும் தெரியும். ஆனால் அணையில் திறந்த நீர் வண்ணார்பேட்டைப் பாலத்தை எட்ட எத்தனை மணி நேரமாகும், அணைகளுக்குக் கீழே பச்சையாறும் காட்டோடைகளும் நிரம்பி வழியும் குளங்களும் அதோடு எவ்வளவு சேர்க்கும், சீவலப்பேரியில் சிற்றாறும் வந்து கலந்த பிறகு ஆற்றின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தை அடுத்துள்ள ஊர்களின் கதி என்ன என்பவற்றைப் பெருக்கல் கணக்கு சொல்லாது. அதை இந்தப் படுகையை ஆராய்ந்தவர்தான் சொல்ல வேண்டும்.

அப்படி ஆராய்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அன்று நான் அழைத்தவர்களில் சிலர் எடுக்கவில்லை. அவர்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருக்கலாம், அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். எடுத்த ஒருவர் படுகையின் சரிவு, குளங்களின் தொடர்ச்சி, எந்தப் பகுதிக்கு முதலில் ஆபத்து என்பதையெல்லாம் அரை மணி நேரம் தெளிவாக விளக்கிவிட்டுக் கடைசியில், “நம்ம பேரப் போட்டுறாதீங்க அண்ணாச்சி, பெறகு பிரின்சிபால் கூப்பிட்டுக் கேப்பாரு” என்றார். உயிரோடு தொடர்புடைய எச்சரிக்கையைப் பெயரில்லாத ஒருவரின் சொல்லை நம்பி வெளியிட, செய்திகளைத் திருத்தித் தொகுக்கும் எங்கள் டெஸ்க் மறுத்தது. அந்த மறுப்பு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். அடுத்தடுத்த நாள்களில் நம் வெள்ளத்தைச் சென்னைத் தொலைக்காட்சி அரங்குகளில் உட்கார்ந்தவர்கள் விளக்கினார்கள். சீவலப்பேரி ஆற்றுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இந்த வழக்கம் வெள்ளத்தோடு தொடங்கியதுமன்று. 2011, 2012 ஆண்டுகளில் கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரையில் மக்கள் திரண்டிருந்தபோது மத்திய அரசின் நிபுணர் குழு வந்தது, மாநில அரசின் குழு வந்தது, அப்துல் கலாமும் வந்து பார்த்துவிட்டு நிலையம் பாதுகாப்பானது என்றார். பந்தலில் இருந்த பெண்கள் என்னிடம் கேட்டவற்றுள் ஒன்று, நிலையத்திலிருந்து கடலில் விடும் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கும், அந்தச் சூட்டில் மீன் நிற்குமா என்பது. வெளியேறும் நீர், உள்ளே எடுக்கும் கடல்நீரைவிட 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமாக இருக்கக் கூடாது என்ற வரம்பு அப்போதே இருந்தது. அந்த வரம்பு நம் கரையோர மீன்வளத்துக்குப் போதுமா என்று எந்தப் பக்கம் நின்றும் வாதிடலாம். அப்படி வாதிட, கடல்வாழ் உயிரியலோ இயற்பியலோ கற்பிக்கும் உள்ளூர்ப் பேராசிரியர் ஒருவர் தம் பெயரோடு எனக்குக் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர்மீது தேசத்துரோக வழக்குப் பதிவான காலம் அது. அன்று அஞ்சியவர்களை நான் பழிக்கவில்லை. அச்சம் தணிந்த பிறகும் ஏன் யாரும் வாய் திறக்கவில்லை என்பதுதான் எனக்கு விளங்காதது.

அச்சத்துக்கு இடமே இல்லாத செய்தியிலும் இதே நிலைதான். 2025 ஜனவரி 23 அன்று தமிழகத்தில் இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையை முதலமைச்சர் வெளியிட்டார். நம் சிவகளை அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் காலம் பொது ஆண்டுக்கு முன் 3345 வரை செல்கிறது என்றது அறிக்கை. மாதிரிகள் அமெரிக்காவின் பீட்டா அனலிடிக், லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் ஆகியவற்றில் ஆராயப்பட்டிருந்தன. 5300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு என்று தலைப்புகள் வந்தன. ஆனால் கரிமக் காலக்கணிப்பு சொல்வது கரித்துண்டின் வயதை. இரும்பின் வயதை அன்று. கரியும் இரும்பும் கலையாத ஒரே மண்ணடுக்கில் கிடந்தன என்பதை வைத்தே இரண்டையும் இணைக்கிறோம். கிடைப்பதும் ஒற்றை ஆண்டு அன்று, முன்னும் பின்னும் இடைவெளி கொண்ட ஒரு காலப்பகுதி. இதைச் சொல்வதால் சிவகளையின் பெருமை ஒரு மாற்றும் குறையாது. கேள்வி கேட்பவர்கள் முன் அது இன்னும் உறுதியாக நிற்கும். இதை இரண்டு பத்திகளில் நம் வாசகருக்குச் சொல்ல ஒரு பேராசிரியரைத் தேடினேன். ஒருவர் தொல்லியல் துறையைக் கேட்கச் சொன்னார். இன்னொருவர், ஆய்விதழில் எழுதிய பிறகு பேசுகிறேன் என்றார். அதற்குள் வாட்ஸ்அப்பில் அந்த 5300 ஆளுக்கொரு எண்ணாகப் பெருத்துவிட்டது.

ஊடகத்துக்கும் தங்களுக்கும் உறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருப்பது குத்துவிளக்கு உறவு. பன்னாட்டுக் கருத்தரங்கம் தொடங்கும் அன்று காலையில் அழைப்பு வரும். மாலையில் செய்திக்குறிப்பு வரும். இன்னார் வரவேற்றார், இன்னார் தலைமை தாங்கினார், இன்னார் சிறப்புரையாற்றினார், இன்னார் நன்றி கூறினார் என்று ஒரு பெயரும் விடுபடாமல் இருக்கும். சிறப்புரையில் என்ன சொன்னார் என்பது மட்டும் இருக்காது. நன்றி கூறியவர் பெயர் அச்சில் விட்டுப்போனால் எனக்கு அழைப்பு வரும். உரையின் கருத்து விட்டுப்போனதற்காக இதுவரை ஒருவரும் அழைத்ததில்லை. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று மேடைதோறும் கேட்கிறோம். அந்த ஆக்ஸ்போர்டு என்ன கண்டுபிடித்தது என்று அம்பாசமுத்திரத்து விவசாயியோ உவரி மீனவரோ கேட்டால், எடுத்துக் கொடுக்க என்னிடம் விளக்கேற்றும் படங்கள்தான் உள்ளன. 2009 முதல் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. சோத்கங்கா தளத்தில் நம் ஆற்றைப் பற்றியும் பீடித் தொழிலாளர் பற்றியும் பனையேறிகள் பற்றியும் தேடிப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவை ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில் இருக்கின்றன. செய்தி முடியும் நேரத்துக்குள் எந்த நிருபரும் அவற்றிலிருந்து ஒரு முடிவைப் பிரித்தெடுக்க முடியாது.

எங்கள்மீது தங்களுக்கு உள்ள மனக்குறைகளை நான் மறைக்கப் போவதில்லை. சொன்னது ஒன்று, அச்சானது ஒன்று என்பீர்கள். ‘வாய்ப்பு இருக்கிறது’ என்று சொன்னதை ‘பேராபத்து: பேராசிரியர் எச்சரிக்கை’ என்று போட்டார்கள் என்பீர்கள். அரை மணி நேரம் பேசியதில் ஒரு வரிதான் வந்தது என்பீர்கள். இவை உண்மையாக நடப்பவை. ஆனால் எப்படி நடக்கின்றன என்பதையும் தாங்கள் அறிந்திருக்க வேண்டும். தலைப்பைச் செய்தியாளர் வைப்பதில்லை. டெஸ்கில் இருக்கும் உதவி ஆசிரியர், இருக்கும் இடத்துக்கு ஏற்ப வைக்கிறார். இரவில் ஒரு விளம்பரம் வந்தால் செய்தியின் கடைசிப் பத்திகள் வெட்டப்படும். தங்கள் ‘ஆனால்’ பெரும்பாலும் கடைசிப் பத்தியில்தான் இருக்கும். தாலுகா ஊர்களிலிருந்து செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சான செய்தியின் அளவுக்குத்தான் காசு. அவருக்குக் கோலிஃபார்ம் தெரியாதது அவருடைய குற்றமன்று. இந்த முறையை மாற்றும் ஆற்றல் என்னிடம் இல்லை. ஆனால் முறை இப்படி என்று தெரிந்தால், தாங்கள் முக்கியமான சொல்லை முதலில் சொல்வீர்கள், எல்லையையும் ஐயத்தையும் அதே வாக்கியத்திலேயே வைப்பீர்கள், எண்ணை வாயால் சொல்வதோடு நில்லாமல் குறுஞ்செய்தியிலும் அனுப்பிவிடுவீர்கள். பிழை வந்தால் எழுதியவரை அன்றே அழைத்துத் திருத்தம் கேட்பீர்கள். கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கு எழுதலாம். அதற்கும் பயனில்லை என்றால் நாளிதழ்ச் செய்தி பற்றி இரண்டு மாதங்களுக்குள் இந்தியப் பத்திரிகை கவுன்சிலில் முறையிடலாம். இந்த வழிகள் திறந்திருக்கும்போது, ஒரு தவறான தலைப்பைக் காட்டி ஆயுள் முழுவதும் எந்த நிருபரோடும் பேசுவதில்லை என்று முடிவெடுத்தவர்களை நான் நேரில் அறிவேன்.

இதற்கு மாறாகவும் இந்த மண்ணில் நடக்கிறது. மணிமுத்தாற்றில் இயங்கும், ஏட்ரீ (ATREE) என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், உள்ளூர் இயற்கை ஆர்வலர் அமைப்புகளோடு சேர்ந்து 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்திவருகிறது. அந்தச் செய்தியை எழுதுவதில் எனக்கு ஒருநாளும் சிரமம் இருந்ததில்லை. குளக்கரைக்குப் போனால் பைனாகுலரைக் கையில் கொடுத்து, அது நத்தைக்குத்தி நாரை, இது அரிவாள் மூக்கன் என்று தமிழ்ப் பெயரோடு காட்டுகிறார்கள். சென்ற ஆண்டைவிட எண்ணிக்கை குறைந்திருந்தால், மழை தவறியதாலா, குளம் கெட்டதாலா, அல்லது இந்த ஒரு நாளின் கணக்கை வைத்து அப்படிச் சொல்லவே கூடாதா என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். செய்தி இல்லாத நாளிலும் பேசுகிறார்கள். வரித்தலை வாத்து கூந்தன்குளத்துக்கு எங்கிருந்து வருகிறது என்று இரவு 9 மணிக்குக் கேட்டாலும் பதில் வரும். இதற்காக அவர்கள் மக்கள் தொடர்பு அதிகாரி என்று எவரையும் என்னிடம் அனுப்பியதில்லை. அந்தப் பழக்கத்தால்தான், குளம் ஒன்று ஆக்கிரமிக்கப்படுகிறது என்ற புகார் வந்தால் யாரைக் கேட்பது என்ற தயக்கம் எனக்கு இருப்பதில்லை.

இனி என் கோரிக்கைகளைச் சொல்கிறேன். அந்தச் சுற்றறிக்கையை வெளியிட்ட நிர்வாகம் அதைத் திரும்பப் பெற வேண்டும். பிற நிர்வாகங்கள், நிறுவனத்தின் சார்பில் பேச மட்டுமே அனுமதி தேவை, ஆசிரியர் தம் துறையைப் பற்றித் தம் சொந்தப் பெயரில் பேச அனுமதி தேவையில்லை என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாய்மொழி உறுதி போதாது. வாய்மொழித் தடையால் பட்டது போதும்.

ஒவ்வொரு கல்லூரியும் தன் ஆசிரியர்களில் எவர் எந்தப் பொருளைப் பற்றிப் பேச இசைகிறார் என்று, அவர்கள் சம்மதத்தோடு, ஒரு பட்டியல் தர வேண்டும். பிரிட்டனில் 2002இல் தொடங்கிய அறிவியல் ஊடக மையம் செய்வதும் அடிப்படையில் இதுதான்: செய்தி வெடிக்கும் நேரத்தில் துறையறிந்தவர்களின் கருத்தைத் திரட்டிச் செய்தியாளர்களின் கைக்குக் கொண்டு சேர்க்கிறது. நமக்குத் தனிக் கட்டடம் வேண்டாம், பெயர்ப்பலகையும் வேண்டாம். பெயர், துறை, தொலைபேசி எண், அழைக்கத் தகுந்த நேரம் ஆகியவை கொண்ட தாள் போதும். பட்டியலில் முதல்வர்களும் துறைத்தலைவர்களும் மட்டும் இருந்தால் பயனில்லை. களத்தில் இறங்கும் உதவிப் பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் இருக்க வேண்டும்.

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்ததும், ஆய்வின் முடிவை ஒரு பக்கத் தமிழில் எழுதித் தரச் செய்யுங்கள். கருத்தரங்கச் செய்திக்குறிப்பில் நன்றியுரைக்குக் கொடுக்கும் இடத்தைக் கருத்துக்குக் கொடுங்கள்.

பேராசிரியர்களிடம் தனியே ஒரு வேண்டுகோள். பேசத் தொடங்கும் முன்பே எது பெயரோடு வரலாம், எது வரக்கூடாது என்று சொல்லிவிடுங்கள்; பேசி முடித்த பிறகு சொன்னால் இருவருக்கும் சங்கடம். முழுச் செய்தியையும் அச்சுக்கு முன் காட்டு என்று கேட்காதீர்கள். அதை எந்த இதழும் ஏற்காது. தாங்கள் சொன்னதாக வரும் வரிகளையும் எண்களையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நான் வாசித்துக் காட்டுவேன், பிற செய்தியாளர்களையும் அவ்வாறு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவர் எண்ணைக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் திரும்ப அழைக்க முடியாவிட்டால் அதையாவது ஒரு வரியில் தெரிவியுங்கள். அடுத்தவரைத் தேட எங்களுக்கு நேரம் கிடைக்கும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள், ஆறு, அணை, குளம், தொற்றுநோய் ஆகிய பொருள்களுக்கான பெயர்ப் பட்டியலாவது எங்களுக்கு வந்து சேர வேண்டும். செப்டம்பரில் ஒரு பிற்பகல், தாங்கள் சொல்லும் கல்லூரியில், தாங்கள் ஒதுக்கும் வகுப்பறையில், மாநகரச் செய்தியாளர்களையும் தாலுகா நிருபர்களையும் அழைத்துவர நான் பொறுப்பேற்கிறேன். மேடை, மாலை, குத்துவிளக்கு எதுவும் வேண்டாம். தாமிரபரணிப் படுகையின் வரைபடம் ஒன்றும், அதைப் படிக்கச் சொல்லித்தர ஒருவரும் இருந்தால் போதும். நாளையும் இடத்தையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நெல்லைச் செய்தியாளர் ஒருவர்